லெட்டர்பேடில் யார் பெயர்? டெல்டாவில் வளரிளம் பருவத்தினருக்கான போதை மீட்பு அமைப்பை நடத்த ஆள் சேர்ப்பது எப்படி

"நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்காக நாமே ஒரு ட்ரஸ்ட் ஆரம்பித்தால் என்ன?" என்ற பேச்சு டெல்டாவில் டீக்கடை வரை வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பையனின் உதட்டுக்குள் கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலம் இருக்கிறது. ஐடிஐ படிப்பவனின் சட்டைப்பையில் போதைக்காக வாங்கிய வலி மாத்திரை அட்டை கிடைக்கிறது. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கப் போன பதினாறு வயதுக்காரன் கூலி வாங்கிய அன்று வீடு வந்து சேருவதில்லை. பார்த்துப் பொறுக்காமல் நாலு பேர் கூடுகிறார்கள். கூடியதும் செய்கிற முதல் வேலை லெட்டர்பேட் அடிப்பது. கௌரவத் தலைவர், புரவலர், காப்பாளர், சட்ட ஆலோசகர் என்று இடப்பக்க ஓரம் முழுக்கப் பெயர்கள் இறங்கும். ஆறு மாதம் கழித்து ஒரு அம்மா ராத்திரியில் போன் செய்தால், அந்தப் பதினைந்து பேரில் எடுக்க ஆள் இருக்காது.

இந்த வழிகாட்டி அமைப்பைத் தொடங்க நினைப்பவர்களுக்கும், "நீங்க ஒரு ட்ரஸ்டியா இருங்க சார்" என்று கேட்கப்பட்டு யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும். யார் உள்ளே வரலாம், யார் வேண்டாம், வந்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதை நடைமுறை வரிசையில் சொல்கிறேன்.

1. எதைச் செய்யப் போவதில்லை என்று முதலில் எழுதுங்கள்

ஆள் தேடுவதற்கு முன் இது முடிய வேண்டும். செய்யும் வேலைக்கு ஏற்பத்தான் தலைமைக்கு ஆள் வேண்டும். பள்ளிகளில் பேசுவது, குடும்பத்தோடு உட்கார்ந்து ஆலோசனை தருவது, மருத்துவமனையிலிருந்து திரும்பிய பையனை ஒரு வருடம் தொடர்ந்து பார்ப்பது இவையெல்லாம் ஒரு வகை. பிள்ளைகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தருவது முற்றிலும் வேறு வகை.

என் அபிப்பிராயம் கறாரானது: முதல் மூன்று வருடம் யாரையும் தங்கவைக்காதீர்கள். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஜன்னலுக்குக் கம்பி போட்டு, பத்துக் கட்டில் வாங்கிப் போட்டுவிட்டால் அது மையம் ஆகிவிடாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. ஆகவே தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் நிபந்தனைகள் இன்னும் கடுமை. இரண்டு மனநல மருத்துவர்கள், அல்லது ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரும் தனித்தனியாகப் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. பெற்றோரோ அவர்கள் நியமித்த ஒருவரோ கூடவே தங்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகளுக்கான இல்லம் என்று நடத்தினால், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவில் தனியாகப் பதிவு வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஒரு வருடம் வரை சிறையோ, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ வரும். வருவது உங்கள் லெட்டர்பேடில் பெயர் போட்டவர்கள் தலையில்.

சட்டத்தை விடுங்கள், உடம்பைப் பாருங்கள். தினமும் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டொரு நாளில் வலிப்பு வரலாம். அது உயிரையும் எடுக்கும். அந்தக் கட்டம் அரசு மருத்துவமனையில்தான் கழிய வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2025-ல் தமிழ்நாடு அரசு 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. மருத்துவத்தை அவர்கள் பார்க்கட்டும். பேருந்தில் ஏற்றிவிட ஆள் இல்லாத குடும்பத்தோடு கூடப்போவது, டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் வீட்டுக் கதவைத் தட்டுவது, பள்ளியில் மறுபடி சேர்க்கத் தலைமையாசிரியரிடம் பேசுவது ஆகியவற்றைச் செய்யத்தான் ஆள் இல்லை.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த மருத்துவமனை, குடிநோயாளிகள் சென்னைக்கு வரட்டும் என்று காத்திருக்காமல் குடவாசல் பக்கம் மஞ்சக்குடியில் முகாம் போட்டது. அந்த அனுபவம் 1994-ல் ஒரு பன்னாட்டு ஆய்விதழில் கட்டுரையாகவும் வந்தது. மருத்துவர்களும் ஆலோசகர்களும் வெளியிலிருந்து வந்தார்கள். ஊர் மனிதர்கள் ஊரில் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். வளரிளம் பருவத்தினருக்கான வேலைக்கும் அந்தப் பிரிவினை சரியாகப் பொருந்தும்.

2. ஏழு நாற்காலி போதும்

சங்கமாகப் பதிவு செய்தால், 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும். ட்ரஸ்ட் என்றால் இரண்டு மூன்று பேரே போதும். எந்த வடிவமாக இருந்தாலும் தலைமைக் குழு ஏழு பேருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதினைந்து பேர் குழுவில் ஒவ்வொருவரும் மற்ற பதினாலு பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுவார்கள்.

அந்த ஏழில் யார் யார்?

மருத்துவம் தெரிந்த ஒருவர் கட்டாயம். மனநல மருத்துவர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஓய்வுபெற்ற அரசு மருத்துவரோ, மனநலப் பிரிவில் வேலை பார்த்த செவிலியரோ போதும். சொல்லப்போனால் நல்ல செவிலியர் பல சமயம் பெரிய டாக்டரைவிடப் பயன்படுவார். கூட்டத்துக்கு வருவார், வீட்டுக்கும் வருவார்.

பள்ளி உலகம் தெரிந்தவர் ஒருவர். பணியிலிருக்கும் ஆசிரியர் என்றால் துறை அனுமதி போன்ற சிக்கல் வரும், ஓய்வுபெற்றவர் தோது. மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துப் பையனை வெளியே அனுப்பாமல் தடுக்க, தலைமையாசிரியரின் மொழியில் பேசத் தெரிந்த ஆள் வேண்டும்.

கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ இருந்தவர்கள் இதற்கு அருமையான ஆட்கள். ரசீது இல்லாமல் ஐம்பது ரூபாய்கூடத் தரமாட்டார்கள். எரிச்சலாக இருக்கும், இருக்கட்டும்.

மகளிர் சுய உதவிக் குழுவை நடத்திப் பழகிய ஒரு பெண். இதை மூன்றாவது நான்காவதாகச் சொல்வதால் முக்கியம் குறைவு என்று நினைக்க வேண்டாம். மகனின் பழக்கத்தை அம்மாக்கள் முதலில் சொல்வது குழுக் கூட்டத்தில்தான், அதுவும் கடன் தவணை கட்ட முடியாததற்குக் காரணமாகத்தான். குழுவில் குறைந்தது மூன்று பெண்களாவது இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. பெண் பிள்ளைகளுக்கும் இந்தப் பழக்கம் வருகிறது. வீடுகள் மூடி மறைப்பதால் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் அறைக்கு எந்தத் தாயும் மகளை அழைத்து வரமாட்டாள்.

போதையிலிருந்து மீண்ட ஒருவர். இவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, கீழே வருகிறேன்.

மீதி இரண்டு இடத்தை ஊரைப் பார்த்து நிரப்புங்கள். நாகை, தரங்கம்பாடி கடலோரம் என்றால் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தார் சம்மதம் இல்லாமல் ஒரு கூட்டம்கூடப் போட முடியாது. நாகூர் என்றால் ஜமாத், வேளாங்கண்ணி பக்கம் என்றால் தேவாலயப் பங்கு. உள்நாட்டுக் கிராமங்களில் இன்னொரு விஷயம் இருக்கிறது, நாசூக்குப் பார்க்காமல் சொல்லிவிடுகிறேன். ஏழு பேரும் ஒரே தெருவாக, ஒரே சாதியாக இருந்தால் காலனிப் பிள்ளைகள் உங்கள் வாசலை மிதிக்கமாட்டார்கள். "அது அவங்க ட்ரஸ்ட்" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். அலுவலகத்துக்கு வாடகை இடம் பார்க்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். எல்லாத் தெருக்காரரும் கூச்சமில்லாமல் வந்துபோகக்கூடிய பஸ் ஸ்டாண்டு பக்கமோ கடைத்தெருவோதான் சரி.

3. வேண்டாதவர்கள்

டாஸ்மாக் பார் ஏலம் எடுத்தவர், புகையிலை மொத்த வியாபாரம் செய்பவர், அவர்களின் நெருங்கிய உறவினர் ஆகியோர் வேண்டாம். நன்கொடை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேண்டாம். பதவியில் இருக்கும் கட்சிப் பொறுப்பாளர் எந்தக் கட்சியாக இருந்தாலும் வேண்டாம். தேர்தல் வந்தால் உங்கள் பிள்ளைகள் கொடி பிடிப்பார்கள். கணவன், மனைவி, மச்சான் மூவரும் குழுவில் இருப்பது பதிவுக்குத் தடையில்லை என்றாலும், நிறுவனரிடம் "இது தப்பு" என்று சொல்ல யாரும் மிஞ்சமாட்டார்கள். அப்புறம், அடித்துத் திருத்தலாம் என்று நம்புகிறவர். முதல் சந்திப்பிலேயே கண்டுபிடித்துவிடலாம்: "நாலு நாள் கட்டிப்போட்டா சரியாயிடும்" என்பார்.

2001 ஆகஸ்ட்டில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் எழுந்து ஓட முடியாமல் இறந்தார்கள். இன்று எந்த விதத்திலும் யாரையும் சங்கிலியில் பிணைப்பது மனநலப் பராமரிப்புச் சட்டப்படி தடை. உங்கள் பராமரிப்பில் ஒப்படைக்கப்பட்ட குழந்தையை உங்கள் பணியாளர் கொடுமைப்படுத்தினால், இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் வரை அபராதமும் உண்டு.

அதே போல, குழம்பில் தெரியாமல் கலந்து கொடுக்கும் 'குடி மறக்கும் மருந்தை' சிபாரிசு செய்கிறவரும் வேண்டாம். அந்த மாதிரிப் பொடிகளில் டைசல்ஃபிராம் (குடியை நிறுத்த டாக்டர் மேற்பார்வையில் தரும் மருந்து) இருந்து, மேலே குடியும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் தாழ்ந்து இதயம் வரை பாதிக்கும். குழுவில் ஒருவர் இதை நம்பினாலும் ஊரே நம்பும்.

4. பதிவும் கையெழுத்தும்

ட்ரஸ்ட் என்றால் சார்பதிவாளர் அலுவலகம், சங்கம் என்றால் மாவட்டப் பதிவாளர் அலுவலகம். எது நல்லது என்ற சண்டை ஓயாது. ட்ரஸ்ட் எளிது, நிறுவனர் கையில் நிற்கும். சங்கத்தில் பொதுக்குழு, தேர்தல், ஆண்டுத் தாக்கல் என்று வேலை அதிகம், ஆனால் நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போக முடியாது. வளரிளம் பருவத்தினரோடு வேலை என்பதால் எனக்குச் சங்கமே பிடிக்கும். தலைவரை மாற்ற ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. ட்ரஸ்டாகத்தான் போட வேண்டும் என்றால், ட்ரஸ்டியின் பதவிக்காலம், நீக்கும் முறை இரண்டையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர் வைத்திருக்கும் பழைய மாதிரியில் "ஆயுட்கால நிர்வாக ட்ரஸ்டி" என்று இருக்கும். அதை அடிக்கச் சொல்லுங்கள்.

வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து. இருவரும் உறவினராக இருக்கக் கூடாது. பான் கார்டு, வருமான வரி விலக்குக்கான 12ஏ, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி, நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிவு எல்லாம் ஆடிட்டர் செய்து தருவார். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பழைய பிரிவு எண்களைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். ரொக்க நன்கொடை 2,000 ரூபாயைத் தாண்டினால் வரிச்சலுகை கிடையாது என்பதை நன்கொடையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுப் பணத்தைப் பற்றி இப்போது கனவு காண வேண்டாம். அதற்குப் பொதுவாக மூன்று வருட அனுபவமும் அந்தக் காலத்தில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்த கணக்கும் கேட்பார்கள். துபாயில் இருக்கும் ஊர்க்காரர் அன்போடு அனுப்பினாலும், அவர் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

5. இயக்குநரைத் தேர்ந்தெடுப்பது

குழு கொள்கை வகுக்கும். அன்றாடம் ஓட்டுபவர் இயக்குநர். ஒருங்கிணைப்பாளர் என்றும் சொல்லலாம். இந்த ஒரு நியமனம் சரியாக அமைந்தால் மற்றதில் பாதி தானாக நடக்கும். சமூகப்பணி முதுகலையோ உளவியலோ படித்தவர்கள் திருச்சியிலும் தஞ்சையிலும் கிடைக்கிறார்கள். படிப்பு வேண்டும், ஆனால் அது பாதிதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு நேர்காணலில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் எல்லோரிடமும் கேட்ட கேள்வி ஒன்றே. ராத்திரி பதினோரு மணி, ஒரு அம்மா போன் செய்கிறார், "பையன் சண்டை போட்டுட்டு ரூமைச் சாத்திக்கிட்டான், கூப்பிட்டா பதில் இல்ல" என்கிறார். என்ன செய்வீர்கள்? முதலாமவர் விழிப்புணர்வின் அவசியம் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். இரண்டாமவர் மறுநாள் காலை நேரில் போய்ப் பார்ப்பேன் என்றார். மூன்றாவதாக வந்த பெண் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டார்: "அந்த ரூம்ல என்ன இருக்கு சார்? வயலுக்கு அடிக்கிற மருந்து உள்ள இருக்கா? பக்கத்து வீட்டுல ஆம்பளைங்க யாராவது முழிச்சிருக்காங்களா? கதவு தாழ்ப்பாளா, பூட்டா?" குழுத் தலைவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அந்தப் பெண்தான் தேர்வானார். போனை வைக்காமல் அம்மாவிடம் பேசிக்கொண்டே, இன்னொரு போனில் பக்கத்து வீட்டையும் 108-ஐயும் கூப்பிட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

நேர்காணலில் இப்படி மூன்று நிலைமைகளைச் சொல்லிக் கேளுங்கள். சான்றிதழ்களை அப்புறம் புரட்டலாம். முன்பு வேலை பார்த்த இடத்துக்குப் போன் செய்து விசாரியுங்கள். குழந்தைகளோடு வேலை பார்க்கப் போகிறவர் என்பதால் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்றும் வாங்கிவிடுங்கள். இது இயக்குநருக்கு மட்டுமல்ல, வண்டி ஓட்டுபவர் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து கேரம் விளையாடும் தன்னார்வலர் வரை.

சம்பளம் நியாயமாகக் கொடுங்கள். "சேவைதானே" என்று சொல்லிக் குறைத்தால் எட்டாவது மாதம் வேறு வேலைக்குப் போய்விடுவார். அவரை நம்பி மனம் திறந்த பிள்ளைகள் மறுபடி மூடிக்கொள்வார்கள்.

6. குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளர், தலைவருக்கும் மேலே

ஏழு பேரில் ஒருவரைப் பெயர் குறித்துக் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளராகத் தீர்மானம் போடுங்கள். நிறுவனரோ இயக்குநரோ இந்தப் பொறுப்பில் இருக்கக் கூடாது. அவர்கள் மேல் புகார் வந்தால் விசாரிக்க வேண்டியவர் இவர்தான். நான் ஒரு அமைப்புக்குள் போனால் முதலில் கேட்பது இவர் யார் என்றுதான்.

இவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியவை சில. ஒரு பிள்ளை பாலியல் துன்புறுத்தல் பற்றி ஏதாவது சொன்னால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். "குடும்ப மானம், பேசித் தீர்த்துக்கலாம்" என்று ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். தெரிவிக்காமல் விட்டால் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஒரு வருடம் வரை சிறை. குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் ஏழு வருடம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. குழந்தையை வைத்து விற்கவோ கடத்தவோ செய்தால் 78-ஆம் பிரிவில் அதே அளவு. பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்ததற்காகப் பிடிபட்ட பதினைந்து வயதுப் பையனைக் குற்றவாளி என்று மட்டும் பார்க்காமல் பயன்படுத்தப்பட்டவனாகவும் பார்க்க வைப்பது இந்தப் பிரிவுதான். அதைக் காவல் நிலையத்தில் எடுத்துச் சொல்லும் தைரியம் உள்ளவர் இந்தப் பொறுப்புக்கு வேண்டும்.

அடுத்து, பெயரும் படமும். ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஜூன் 26 போதை ஒழிப்பு நாள் விழாவுக்கு நோட்டீஸ் புரூஃப் வந்தது. நன்றியுரைக்கு மேலே ஒரு வரி: "மறுவாழ்வு பெற்ற மாணவர் அனுபவ உரை", பக்கத்தில் பையனின் பெயர், பள்ளி, வகுப்பு. நன்கொடையாளர்கள் வருகிறார்கள், நேரில் பார்த்தால் நம்பிக்கை வரும் என்பது ஏற்பாட்டாளர் வாதம். பாதுகாப்புப் பொறுப்பாளராக இருந்த அம்மா கும்பகோணம் அச்சகத்திலேயே நின்று, அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஏற்பாட்டாளர் இரண்டு வாரம் பேசவில்லை. பராமரிப்புக்கோ சட்டச் சிக்கலுக்கோ உள்ளான குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ வரலாம் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்தப் பையன் அதே ஊரில்தான் பெண் பார்க்கப் போக வேண்டும், வேலை கேட்டு நிற்க வேண்டும். ஃப்ளெக்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், ஆண்டறிக்கை எதிலும் முகம் கூடாது, முதுகுப்பக்கம் எடுத்த படம்கூட. கிராமத்தில் சட்டையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

7. மீண்டவர்கள் தலைமையில்

குடியிலிருந்து, கஞ்சாவிலிருந்து மீண்டவருக்குத் தெரிந்தது படித்தவருக்குத் தெரியாது. பையன் பொய் சொல்லும்போது அவருக்கு முதலில் தெரியும், கோபமும் குறைவாக வரும். ஆகவே குழுவில் அவர் ஓட்டுரிமையோடு இருக்க வேண்டும், மேடையில் அழ வைப்பதற்காக மட்டும் அழைக்கக் கூடாது. குறைந்தது இரண்டு வருடம் விட்டு இருந்தவராக, இன்னும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குடிநோயாளிகளின் சுய உதவி அமைப்பு) கூட்டத்துக்கோ ஆலோசகரிடமோ போய்க்கொண்டிருப்பவராகப் பாருங்கள். "நான் எனக்கு நானே டாக்டர்" என்பவரைத் தள்ளி வையுங்கள்.

அவர் மறுபடி சறுக்கினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்துவிடுங்கள். பிள்ளைகளோடு நேரடி வேலையிலிருந்து உடனே விலகல், சிகிச்சைக்கு உதவி, ஆறு மாதம் கழித்து மறுபடி பேச்சு. எழுதி வைத்திருந்தால் அன்றைக்கு அவமானம் இருக்காது. நடைமுறை என்று போய்விடும். உங்கள் அமைப்பால் மீண்ட பிள்ளைகளை உடனே தலைவர் ஆக்கும் ஆசையும் எல்லோருக்கும் வரும். பதினெட்டு முடியட்டும், படிப்போ வேலையோ நிலைக்கட்டும். அதுவரை கிரிக்கெட் டீம் கேப்டனாக இருக்கட்டும்.

8. பதவியேற்ற முதல் மாதம் போக வேண்டிய இடங்கள்

தலைவரும் இயக்குநரும் சேர்ந்து நேரில் போக வேண்டும், கடிதம் அனுப்பினால் கோப்பில் தூங்கும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. குழந்தைகள் நலக் குழு: ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்டது, மாதத்தில் குறைந்தது இருபது நாள் அமர வேண்டியது. போதைப் பழக்கத்தால் நடத்தை மாறிப்போன குழந்தையைச் சிகிச்சை மையத்துக்கு அனுப்ப உத்தரவிடும் அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு, ஆகவே உங்களை முகம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு. உங்கள் சரகக் காவல் நிலையம். இரண்டு மூன்று பள்ளிகள்.

காரைக்காலை ஒட்டிய ஊர்களில் வேலை செய்தால் இன்னொரு நடை இருக்கிறது. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆக வேண்டும். எல்லையைத் தாண்டினால் 18 போதும், விலையும் குறைவு. பதினேழு வயதுப் பையன் பதினெட்டு வயது நண்பனை அனுப்பி வாங்கிவிடுகிறான். காரைக்கால் பிள்ளை என்றால் குழந்தைகள் நலக் குழு, பள்ளிக் கல்வித் துறை, காவல்துறை எல்லாமே புதுச்சேரி அரசின் கீழ். நாகையில் வாங்கிய அறிமுகக் கடிதம் அங்கே செல்லுபடியாகாது, தனியாகப் போய்ப் பேச வேண்டும்.

குழந்தைகள் உதவி எண் 1098, போதை மீட்புக்கான தேசிய எண் 14446, மனநலத்துக்கு டெலி மானஸ் 14416. மூன்றும் குழுவினர் எல்லோருடைய போனிலும் இருக்கட்டும்.

9. கூட்டம்

மாதம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம், தேதி வருட ஆரம்பத்திலேயே குறித்தது. தேதி குறிக்கும்போது மேட்டூர் திறப்பையும் அறுவடையையும் பாருங்கள். ஜூன் 12 ஒட்டித் தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கினால் விவசாயக் குடும்பத்து உறுப்பினர் யாரும் வரமாட்டார்; தை, மாசியில் சம்பா அறுவடையும் கொள்முதல் நிலையத்தில் காவலும். அதே தை, மாசியில்தான் கையில் காசு புழங்கி, பிள்ளைகள் சறுக்குவதும் அதிகம். ஆகவே அந்த இரண்டு மாதம் கூட்டத்தைக் குறைத்து, களப்பணியாளர் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

கூட்டத்தில் எந்தப் பிள்ளையின் பெயரும் பேசப்படக் கூடாது. கோப்பு எண் போதும். ஏழு பேர் ஊரில் உள்ளவர்கள், எல்லோருக்கும் சொந்தபந்தம் உண்டு. தீர்மானப் புத்தகத்தில் எதிர்ப்புத் தெரிவித்தவர் பெயரையும் எழுதுங்கள். எல்லாத் தீர்மானமும் "ஏகமனதாக" என்று முடிந்தால், ஒருவர் மட்டுமே பேசுகிறார் என்று பொருள்.

ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான். இந்த மாதம் வராமல் நின்றுபோன பிள்ளைகள் எத்தனை, ஏன்? புகார் ஏதும் வந்ததா? வங்கி இருப்பு எத்தனை மாதச் சம்பளத்துக்குத் தாங்கும்? எத்தனை பள்ளியில் பேசினோம், எத்தனை பேர் உறுதிமொழி எடுத்தார்கள் என்ற கணக்கு ஆண்டறிக்கையில் போட நன்றாக இருக்கும், வேறு எதற்கும் உதவாது.

10. மாறும்போது

மூன்று வருடம் முடிந்ததும் தலைவர் மாறட்டும், நன்றாக நடத்தியவராக இருந்தாலும். நிறுவனர் ஆலோசகராகத் தொடரலாம், கையெழுத்து அதிகாரம் இல்லாமல். மாற்றம் நடந்த வாரத்திலேயே தீர்மான நகலோடு வங்கிக்குப் போய்க் கையெழுத்தை மாற்றுங்கள். பான், தர்ப்பண், வருமான வரித் தளம் எல்லாவற்றிலும் பழைய தலைவரின் செல்போன் எண்தான் இருக்கும், ஓடிபி அவருக்குத்தான் போகும். சங்கம் என்றால் நிர்வாகக் குழு மாறியதைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள். பிள்ளைகளின் கோப்புகள் உள்ள பீரோவின் சாவி இயக்குநரிடமும் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடமும் மட்டும் இருக்கட்டும். ராத்திரி எடுக்கும் போன் எண் மட்டும் மாறவே கூடாது. அதற்கென்று அமைப்பின் பெயரில் தனி சிம் வாங்கி, ரீசார்ஜ் தேதியைக் கணக்கர் நோட்டில் குறித்துவிடுங்கள்.